சலுகைன்னு எழுதாதீங்க, அது ஒரு சமையல்காரர் வாங்கிக் கொடுத்த உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில எடிசன்ல இருக்கேன், இங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சு, தினமும் காலையில ஆபீஸ் போற ட்ரெயின்ல உங்க பேப்பர போன்லயே படிச்சு முடிச்சிடுவேன். போன ஞாயித்துக்கிழமை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட பெரிய தீர்ப்புகளப் பத்தி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீங்க. இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினதே பெரிசு, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல ஒரு வரி என்னைய ரெண்டு நாளா தூங்கவிடல. அமெரிக்காவுல பொறக்குற குழந்தைகளுக்கு அந்த நாடு வழங்குற குடியுரிமைச் சலுகைன்னு எழுதியிருக்கீங்க. சலுகை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

என் சின்னப் பொண்ணு இங்கதான் பொறந்தா. அப்ப நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே வேலை விசாவுலதான் இருந்தோம், கிரீன் கார்டு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பொறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில ஒரு அம்மா ஃபார்ம எடுத்துட்டு வந்து குழந்தை பேருக்கு ஸ்பெல்லிங் மட்டும் ரெண்டு தடவ கேட்டு எழுதிக்கிட்டாங்க, நீங்க என்ன விசான்னு கேக்கவே இல்ல. எனக்கு அன்னைக்கு அது பெரிசா தோணல. கையில குழந்தை இருக்கு, தூக்கம் இல்ல, வேற எதுவும் மண்டையில ஏறல.

அது எவ்ளோ பெரிய விஷயம்னு 2025 ஜனவரி 20-ம் தேதிதான் உறைச்சுது. அன்னைக்கு ஜனாதிபதி பதவியேத்த உடனே ஒரு உத்தரவுல கையெழுத்துப் போட்டார், அம்மா தற்காலிக விசாவுல இருந்து அப்பாவும் சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லாம இருந்தா, இன்னும் 30 நாளைக்குப் பிறகு பொறக்குற குழந்தைக்கு குடியுரிமை கிடையாதுன்னு. அன்னைக்கு ராத்திரி எங்க வாட்ஸாப் குரூப்ல யாருமே தூங்கல. மார்ச்ல டெலிவரி தேதி குடுத்திருந்த ஒரு பொண்ணு எனக்கு போன் பண்ணி, அக்கா முன்னாடியே சிசேரியன் பண்ணச் சொல்லிக் கேக்கலாமான்னு அழுதா. நான் அவளுக்கு வக்கீல் மாதிரி எதுவும் சொல்லல, எனக்குத் தெரியவும் தெரியாது, குழந்தை உடம்புதாண்டி முக்கியம், அதெல்லாம் பண்ணாதன்னு மட்டும் சொன்னேன். மூணே நாள்ல சியாட்டில்ல ஒரு ஜட்ஜ் அந்த உத்தரவ நிறுத்தி வச்சார், அப்புறம் மத்த ஊர் கோர்ட்லயும் கேஸ் நடந்துச்சு, எல்லா இடத்துலயும் வக்கீலுங்க வாயில ஒரே ஒரு பேருதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. வோங் கிம் ஆர்க். யாருடா இந்த ஆளுன்னு அன்னைக்குத்தான் நான் தேட ஆரம்பிச்சேன், அதுல இருந்து இன்னும் விடல.

உங்க கட்டுரையில இவர் பேரு ஒரு அடைப்புக்குறிக்குள்ள 1898-னு வருஷம் போட்டு முடிஞ்சிடுச்சு. ஆனா இவர் யாருன்னு தெரிஞ்சா நீங்க சலுகைன்னு எழுதியிருக்கவே மாட்டீங்க.

சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன்ல சாக்ரமெண்டோ தெருவுல ஒரு கடைக்கு மேல இருந்த வீட்டுல 1873-ல பொறந்தவர். அப்பா அம்மா சீனாவுல இருந்து வந்தவங்க. சீனாக்காரங்க எத்தன வருஷம் இங்க உழைச்சாலும் சிட்டிசன் ஆகவே முடியாதுங்கிற காலம் அது, போதாக்குறைக்கு 1882-ல சீனத் தொழிலாளிங்க உள்ளேயே வரக்கூடாதுன்னு தனியா ஒரு சட்டம் வேற போட்டாங்க. அப்பா அம்மா ஒரு கட்டத்துல சீனாவுக்கே திரும்பிப் போயிட்டாங்க, பையன் இங்கேயே தங்கி சமையல் வேலை பாத்தார். 1894-ல ஊருக்கு ஒரு தடவ போறார். போறதுக்கு முன்னாடியே எவ்ளோ உஷாரா இருந்திருக்கார் பாருங்க, நான் இந்த ஊர்லதான் பொறந்தேன்னு ஒரு பத்திரம் எழுதி, அதுல தன் போட்டோவ ஒட்டி, அவரத் தெரியும்னு வெள்ளைக்காரங்க சில பேருகிட்ட சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வச்சுட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கார். சொந்த ஊருக்குத் திரும்பி வர்றதுக்கு இவ்ளோ பேப்பர்!

1895 ஆகஸ்ட்ல காப்டிக்னு ஒரு கப்பல்ல திரும்பி வர்றார். சுங்க அதிகாரி இறங்கவிடல. நீ இங்க பொறந்திருக்கலாம், ஆனா உன் அப்பா அம்மா சீனாக்காரங்க, அதனால நீயும் சீனப் பேரரசரோட குடிதான்னு சொல்லிட்டாங்க. அந்தக் கப்பல் திரும்ப கிளம்புற நேரம் வந்தா இன்னொரு கப்பலுக்கு மாத்துறது, அதுவும் கிளம்பினா இன்னொண்ணுக்கு மாத்துறது, இப்படியே கரைக்கும் தண்ணிக்கும் நடுவுல மாசக்கணக்குல வச்சிருந்தாங்க. இத நான் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். கப்பல் மேல்தட்டுல நின்னா தான் பொறந்த தெரு இருக்கிற அந்த மேடு கண்ணுக்குத் தெரியும், கால் வைக்க முடியாது, வயசு இருபத்திரண்டு.

சைனாடவுன்ல இருந்த சீனர் சங்கம் வக்கீல் வச்சு கேஸ் போட்டுச்சு. 1896 ஜனவரியில கீழ்க்கோர்ட் ஜட்ஜ் இவர் சிட்டிசன்தான்னு தீர்ப்பு சொல்லி, 250 டாலர் ஜாமீன்ல வெளிய விட்டாங்க. அரசாங்கம் விடல, அப்பீல் போச்சு. 1898 மார்ச் 28-ல சுப்ரீம் கோர்ட் 6-க்கு 2-னு இவர் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. எழுதினவர் ஜஸ்டிஸ் ஹொரஸ் கிரே. வெளிநாட்டுத் தூதரோட பிள்ளை, படையெடுத்து வந்த எதிரியோட பிள்ளைன்னு அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர இந்த மண்ணுல பொறந்தவன் இந்த நாட்டுக் குடிமகன், அப்பா அம்மா எந்த நாடா இருந்தாலும் சரின்னு அதுல இருக்கு. அதே தீர்ப்புல இன்னொரு இடம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது, இவருக்கு இல்லன்னு சொன்னா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனியில இருந்து வந்தவங்களுக்கு இங்க பொறந்து இத்தன நாளா சிட்டிசனா இருக்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைங்களுக்கும் இல்லன்னு ஆயிடும்னு எழுதியிருக்கார். அதாவது ஒரு சீன சமையல்காரர் மேல கை வச்சா அந்தக் கை எங்க எல்லாம் போய் நிக்கும்னு அந்த ஜட்ஜுக்கே புரிஞ்சிருக்கு.

ஜெயிச்ச பிறகு நிம்மதியா இருந்தாரான்னு பாத்தா அதுவும் இல்ல. மூணு வருஷம் கழிச்சு 1901-ல டெக்சாஸ் எல் பாசோவுல இவரயே பிடிச்சாங்க, நீ சட்டவிரோதமா வந்த சீனாக்காரன்னு. சுப்ரீம் கோர்ட் தீர்ப்போட பேரே இவர் பேருதான், அந்த ஆளயே நிறுத்தி நீ யாருன்னு கேட்டிருக்காங்க. திரும்ப ஜாமீன், திரும்ப மாசக்கணக்குல அலைச்சல். 1910-ல இவர் மூத்த பையன் சீனாவுல இருந்து வந்தப்போ, இவரோட பையன்தான்னு நம்ப முடியாதுன்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில 1931-ல கப்பல் ஏறிப் போனவர் திரும்ப இந்தப் பக்கம் வரவே இல்ல.

இப்ப சொல்லுங்க ஐயா, இதுல சலுகை எங்க இருக்கு, யாரு யாருக்குக் குடுத்தாங்க.

இன்னொண்ணு, உங்க கட்டுரை முழுக்க அமெரிக்க நீதிபதிகளோட தொலைநோக்கு, நீதிபதிகளோட துணிச்சல்னு வருது. துணிச்சலான ஜட்ஜுங்க இருந்தாங்க, நான் மறுக்கல. ஆனா இங்க பொறந்தவங்க குடிமக்கள்ங்கிற அந்த வாசகமே அரசியல் சட்டத்துக்குள்ள ஏன் வந்துச்சுன்னு பாருங்க. ட்ரெட் ஸ்காட்னு ஒரு அடிமை, செயின்ட் லூயிஸ் ஊர்ல 1846-ல பொண்டாட்டியோட சேந்து கேஸ் போட்டார், அடிமைத்தனம் இல்லாத பகுதிகள்ல எங்கள வச்சிருந்தாங்க, அதனால நாங்க சுதந்திரமானவங்கன்னு. பதினோரு வருஷம் இழுத்து 1857-ல இதே சுப்ரீம் கோர்ட் சொன்ன பதில் என்ன தெரியுமா, கருப்பு இனத்துல பொறந்தவன் அமெரிக்கக் குடிமகன் ஆகவே முடியாது, அதனால கோர்ட் வாசல்ல வந்து நிக்கவே உனக்கு உரிமை இல்லன்னு. ஏழு ஜட்ஜு அந்தப் பக்கம், ரெண்டே பேருதான் எதிர்த்தாங்க. அந்தத் தீர்ப்ப அழிக்க ஒரு உள்நாட்டுப் போர் நடக்க வேண்டியிருந்துச்சு, அதுக்கு அப்புறம்தான் 1868-ல பதினாலாவது திருத்தம் வந்து, இங்க பொறந்தவங்க எல்லாரும் குடிமக்கள்னு எழுதி வச்சாங்க. ட்ரெட் ஸ்காட் அதப் பாக்கல. தீர்ப்பு வந்த சில வாரத்துல வேற ஒருத்தர் மூலமா விடுதலை கிடைச்சு, ஒரு ஹோட்டல்ல சுமை தூக்குற வேலை பாத்து, அடுத்த வருஷமே காசநோய்ல போயிட்டார்.

அதே மாதிரி வோங் கிம் ஆர்க் ஜெயிக்கிறதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி 1896-ல அதே கோர்ட்தான் ப்ளெஸ்ஸி கேஸ்ல கருப்பருக்குத் தனி ரயில் பெட்டி வச்சா தப்பில்லன்னு சொல்லுச்சு. அதுல தன்னந்தனியா எதிர்த்து எழுதினவர் ஜஸ்டிஸ் ஹார்லன், நம்ம அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாதுன்னு அவர் எழுதின வரிய நீங்களும் பெட்டி கட்டிப் போட்டிருந்தீங்க. அந்த வரிய எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா அதே ஹார்லன், அதே எழுத்துலயே சீனர்களப் பத்தி நம்மள விட்டு ரொம்ப வேறுபட்ட இனம்னு எழுதியிருக்கார், ரெண்டு வருஷம் கழிச்சு வோங் கிம் ஆர்க் கேஸ்ல எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்ட ரெண்டு பேர்ல அவரும் ஒருத்தர். இத எதுக்குச் சொல்றேன்னா ஜட்ஜுங்கள கோயில் கட்டிக் கும்பிட்டோம்னா இதெல்லாம் கண்ணுல படாமலே போயிடும், நம்ம மாதிரி வெளிய இருந்து வந்தவங்களுக்கு இது கண்ணுல பட்டே ஆகணும்.

ஏன்னா நம்ம ஆளுங்க கதையும் அதுல இருக்கு, அத நீங்க விட்டுட்டீங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். பகத் சிங் திண்ட், பஞ்சாப்ல இருந்து 1913-ல வந்தவர், ஒரிகன்ல மர மில்லுல வேலை பாத்தவர். முதல் உலகப் போர் வந்தப்போ அமெரிக்க ராணுவத்துல சேந்தார், தலைப்பாகையோட. 1918 டிசம்பர்ல யூனிஃபார்ம்லயே குடியுரிமை வாங்கினார், நாலே நாள்ல பிடுங்கிட்டாங்க. திரும்ப விண்ணப்பிச்சு 1920-ல வாங்கினார், அதுக்கும் மேல அரசாங்கம் கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அப்ப சட்டப்படி வெளிநாட்டுல பொறந்தவங்கள்ல வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சத்தவரும் மட்டும்தான் சிட்டிசன் ஆக முடியும். 1922 நவம்பர்ல ஒரு ஜப்பானியர் கேஸ்ல, வெள்ளைன்னா தோல் நிறம் இல்ல, காகேசிய இனம்னு ஜஸ்டிஸ் சதர்லாண்ட் எழுதினார். சரி, இந்தியரயும் அந்தக் கால இன ஆராய்ச்சிக்காரங்க காகேசியன்னுதான் வகை பண்ணியிருக்காங்களே, அப்ப எனக்கு உண்டுன்னு திண்ட் போனார். மூணே மாசம், 1923 பிப்ரவரியில அதே சதர்லாண்ட் அதே கையால, ஆராய்ச்சியெல்லாம் செல்லாது, சாதாரண மனுஷன் வெள்ளையன்னா யாரச் சொல்றானோ அதுதான் கணக்குன்னு எழுதிட்டார். ஒரு ஜட்ஜுகூட எதிர்க்கல. அதுக்கப்புறம் ஏற்கனவே சிட்டிசன் ஆன இந்தியர்கள்கிட்ட இருந்தும் குடியுரிமைய பிடுங்க ஆரம்பிச்சாங்க. சான் பிரான்சிஸ்கோவுல கடை வச்சிருந்த வைஷ்ணோ தாஸ் பகாய், இந்த நாடுதான் இனி என் நாடுன்னு குடும்பத்தோட வந்தவர், அவருக்கு இந்த நாடும் இல்ல பழைய பாஸ்போர்ட்டும் இல்லன்னு ஆகி 1928-ல உயிர மாய்ச்சுக்கிட்டார். இத இங்க பொறந்து வளர்ற நம்ம பிள்ளைங்ககிட்ட யாரும் சொல்றதில்ல. திண்ட் மட்டும் விடல, போர்ல இருந்தவங்களுக்குன்னு ஒரு சட்டம் வந்த உடனே மூணாவது தடவையா விண்ணப்பிச்சு 1936-ல வாங்கிட்டார். மத்த இந்தியர்களுக்கு 1946 வரைக்கும் கதவு திறக்கல, திறந்தப்பவும் வருஷத்துக்கு 100 பேருதான்.

வெள்ளைப் பிள்ளைங்களுக்கும் கருப்புப் பிள்ளைங்களுக்கும் தனித்தனி ஸ்கூல் கூடாதுன்னு சொன்ன பிரவுன் தீர்ப்பப் பத்தி நல்லா எழுதியிருந்தீங்க, 1954, ஒன்பது ஜட்ஜும் ஒரே குரல்ல சொன்னது, எல்லாம் சரி. அந்த ஒரு தலைப்புக்குள்ள அஞ்சு கேஸ் இருக்குங்கிறதயும் சேத்திருக்கலாம். அதுல ஒண்ணு தென் கரோலினா கிளாரண்டன் கவுண்டில, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, ஆரம்பிச்சுது, ஆரம்பத்துல அவங்க கேட்டது சமத்துவம்னு பெரிய வார்த்தைகூட இல்ல, பிள்ளைங்க ஸ்கூலுக்கு மைல் கணக்குல நடக்குதுங்க, வெள்ளைப் பிள்ளைங்களுக்கு இருக்கிற மாதிரி ஒரு பஸ் விடுங்கன்னுதான் கேட்டாங்க. கேஸ்ல முதல் பேரா கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க்ல வேலை பாத்தவர், வேலை போச்சு. அவர் மனைவி எலைசா மோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை, அதுவும் போச்சு. இன்னொரு கேஸ் வர்ஜீனியா ஃபார்ம்வில்ல பார்பரா ஜான்ஸ்னு 16 வயசுப் பொண்ணு ஆரம்பிச்சது, தார் பேப்பர் ஒட்டின கொட்டகையில வகுப்பு நடத்துறாங்கன்னு 1951-ல ஸ்கூல் முழுக்க வெளிய கூட்டிட்டு வந்து ஸ்ட்ரைக் பண்ணுச்சு. ஜெயிச்ச பிறகு அந்த கவுண்டி என்ன பண்ணுச்சுன்னா, எல்லாரும் சேந்து படிக்கிறதுக்குப் பதிலா கவர்மெண்ட் ஸ்கூல் மொத்தத்தயும் 1959-ல இழுத்துப் பூட்டிடுச்சு. அஞ்சு வருஷம். இன்னொரு தடவ சுப்ரீம் கோர்ட் சொல்லித்தான் 1964-ல திறந்தாங்க. தீர்ப்பு வந்த நாள்ல அஞ்சு வயசா இருந்த குழந்தைக்கு அப்ப பதினஞ்சு வயசு.

கிடியன் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம இருக்க முடியல. ஃப்ளோரிடாவுல பில்லியர்ட்ஸ் மாதிரி பூல் விளையாடுற ஒரு ஹாலுல புகுந்து சில்லறைக் காசு திருடினார்னு பிடிச்ச ஒரு ஏழை, எனக்கு வக்கீல் வேணும்னு கேட்டார், மரண தண்டனை கேஸ் இல்லன்னா கிடையாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டார், அஞ்சு வருஷம் ஜெயில். எட்டாங்கிளாஸோட படிப்ப நிறுத்தினவர், ஜெயில்ல கோடு போட்ட பேப்பர்ல பென்சிலால சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதிப் போட்டார். 1963-ல ஒன்பது பேரும் அவர் பக்கம், வக்கீல் வைக்க வசதி இல்லாதவனுக்கு அரசாங்கம் வச்சுக் கொடுக்கணும்னு. அதே வருஷம் வக்கீலோட மறு விசாரணை நடந்துச்சு, ஜூரி ஒரு மணி நேரத்துல குற்றவாளி இல்லன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பென்சில் எழுத்த நான் நெட்ல பாத்தேன், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா பொறுமையா எழுதியிருக்கார், நம்ம வீட்டுப் பெரியவங்க மணியார்டர் ஃபார்ம் எழுதுற மாதிரி.

ஒரு தடவ தீர்ப்பு வந்துட்டா அது கல்லுல செதுக்கினதுன்னும் நினைக்கக் கூடாது. 1973-ல வந்த கருக்கலைப்புத் தீர்ப்ப 2022-ல அதே கோர்ட்டே எடுத்துடுச்சு, சரியா தப்பான்னு அதுக்குள்ள நான் போகல. அதனாலதான் சொல்லு முக்கியம்னு இவ்ளோ தூரம் சொல்றேன். சலுகைன்னு எழுதிட்டா, குடுத்தவன் எடுத்துக்கிறான், உனக்கு என்னன்னு அடுத்தவன் கேப்பான். உங்க பேப்பர லட்சம் பேர் படிக்கிறாங்க, இங்க வர்றதுக்கு விசா வரிசையில நிக்கிற பிள்ளைங்க படிக்குது, அதுங்க மனசுல அந்த வார்த்தை பதிய வேண்டாம்.

அதனால ரெண்டு விஷயம் கேக்குறேன். ஒண்ணு, அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க, உரிமைன்னு. ரெண்டாவது, உங்க கட்டுரையில சுப்ரீம் கோர்ட் கட்டடத்தோட பெரிய போட்டோ போட்டிருந்தீங்க, வெள்ளைத் தூணோட. அந்தக் கட்டடமே 1935-லதான் கட்டி முடிச்சாங்க, நீங்க சொன்ன தீர்ப்புகள்ல பாதி அங்க வரவே இல்ல. அடுத்த தடவ வோங் கிம் ஆர்க் போட்டோ போடுங்க. 1904-ல அதிகாரிங்க விசாரணைக்காக எடுத்தது ஒண்ணு அரசாங்க ஆவணக் காப்பகத்துல இருக்கு, யாரு வேணா பாக்கலாம். கேஸ் ஜெயிச்சு ஆறு வருஷம் கழிச்சும் தான் யாருன்னு நிரூபிக்க உக்காந்து எடுத்த போட்டோ அது. நேரா கேமராவப் பாக்குறார். கீழ பேரும், சமையல்காரர், சான் பிரான்சிஸ்கோன்னும் மட்டும் போட்டா போதும்.

அன்புடன்,
உங்க வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி